மேகமில்லாமல் இடித்த இடி

வினிகர் வாசனை எனக்கு ஆகாது. வீட்டில் யாராவது ஃப்ரைடு ரைஸ் பொட்டலத்தைப் பிரித்து, கூட வரும் மிளகாய்த் தண்ணீரை ஊற்றினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேரப்பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வது காதில் விழத்தான் செய்கிறது. விழுந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், மதுரையில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில் லிஃப்டை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறியது அந்த வாசனைதான். தியேட்டருக்குப் போகிற வழி முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். என் சிநேகிதன் செல்வம் கூட வந்திருந்தான். "என்ன மாப்ள, மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? சந்தோசமா நம்மாளு படம் பாக்கத்தான வந்திருக்கோம்" என்றான். சந்தோஷமாம். அவனுக்கு என்ன தெரியும்?

நம்மாளு என்றால் யார் என்று எங்கள் பக்கத்தில் கேட்கவே கூடாது. பேரையூர், கல்லுப்பட்டி வட்டாரத்தில் அவருடைய பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வீட்டு மூத்தவரின் பெயரைச் சொல்லாத மாதிரி, நம்மாளு, அவ்வளவுதான். அவருடைய பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் தூசு தட்டி, கோடு கீறலெல்லாம் துடைத்து, டிஜிட்டலில் புதுசாக வெளியிட்டிருந்தார்கள். வாசலில் ஆளுயர அட்டை உருவம், அதற்கு மாலை, சந்தனம். தலை நரைத்த ரசிகர்கள் வெள்ளைச் சட்டையில் கும்பலாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நாலு பேரையாவது இளந்தாரிகளாக நான் பார்த்திருப்பேன் என்று தோன்றியது. அப்போது அவர்கள் கையில் செருப்பு இருந்தது.

அதைச் சொல்ல வேண்டும் என்றால் என் இருபத்திரண்டாவது வயதுக்குப் போக வேண்டும். பேரையூர்ப் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் நான் ஆபரேட்டர். ஆபரேட்டர் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். தகரம் அடித்த ஒரு கேபின், ஒரே ஒரு மெஷின். ரீலுக்கு ரீல் விளக்கைப் போட்டுச் சுருளை மாற்ற வேண்டும். மெஷின் விளக்கில் கார்பன் குச்சி எரிகிற புகையில் இருமிக்கொண்டே, ஊரே என்னை நம்பித்தான் சிரிக்கிறது அழுகிறது என்று ஒரு மிதப்பு வேறு. பனியன் கிழிந்திருந்தாலும் தலைமுடியை மட்டும் நம்மாளு மாதிரி ஏற்றிச் சீவியிருப்பேன்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து இந்தப் படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. படத்தில் நம்மாளுக்கு மனைவியாக ஒரு அம்மா நடித்திருப்பார். பெரிய நட்சத்திரம் இல்லை. சுவரொட்டியில் ஓரமாகத்தான் முகம் இருக்கும். கதை சின்னதுதான். யாரோ சொன்னதைக் கேட்டு மனைவியைச் சந்தேகப்பட்டுப் பிரிந்து போகிற நம்மாளு, கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வந்து வீட்டு வாசலில் நிற்பார். மன்னித்துவிட்டேன், உள்ளே விடு என்பார். அந்தம்மா ஒன்றும் பேசாமல் பார்ப்பார். அப்புறம் ஓர் அறை. அதுவும் இடது கையால். அடித்துவிட்டு, மூச்சு வாங்காமல், குரலை உயர்த்தாமல் பேசுவார். "நீ மன்னிக்கிறதுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்பதுதான் சாரம். பேசி முடித்துக் கதவைச் சாத்திவிடுவார்.

எத்தனையோ படம் ஓட்டியிருக்கிறேன். இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை. பேசும்போது கழுத்து நரம்பு மட்டும் துடிக்கும். முகத்தில் ஒன்றும் அசையாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த அறையை வாங்கிக்கொண்டு நிற்கிற நம்மாளு முகம் இருக்கிறதே, ஐயோ! கோபம் வந்து, கோபம் போய், வெட்கம் வந்து, கடைசியில் சின்னப் பையன் மாதிரி ஆகிவிடும். அவ்வளவு பெரிய நடிகர், ஓரத்தில் இருந்த ஒரு நடிகையிடம் கன்னத்தைக் கொடுத்துவிட்டு, காட்சி முழுவதையும் அவருக்கே விட்டுக்கொடுத்திருப்பார். அவருடைய நடிப்பில் உச்சம் அதுதான். இதை நான் எந்த மேடையிலும் ஏறிச் சொல்லத் தயார்.

ஆனால் ரசிகப் பெருமக்களுக்கு அது புரிந்தால்தானே? முதல் நாள் முதல் ஆட்டம். அறை விழுந்ததும் ஆண்கள் பக்கம் பெஞ்சு பறந்தது. கைநிறைய மணலை வாரித் திரையில் எறிந்தார்கள். திரையில் அந்தம்மா முகத்தின் மேல் செருப்பு விழுந்தது. "எடக் கையால அடிக்கிறாடா" என்று ஒருத்தன் அழுதேவிட்டான். இடையில் இருந்த குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் உட்காரும் தரையில் என்ன நடந்தது தெரியுமா? கைதட்டினார்கள். "இன்னும் ரெண்டு போடு தாயி" என்று ஒரு குரல் வந்தது. அதைக் கேட்டதும் இந்தப் பக்கம் வெறி அதிகமாகி என் கேபின் கதவை உடைக்க வந்துவிட்டார்கள். மெஷினை நிறுத்திவிட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றேன்.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். கிழிந்த திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னிக்கு ஆட்டத்துல அந்த எடம் இருக்கக் கூடாது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெட்டினேன். அந்தம்மா கை ஓங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து கதவு சாத்துகிற வரைக்கும். பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி, ஒட்டிக் காயவைத்தேன். வெட்டினதும் கதையே மாறிவிட்டது பாருங்கள். வாசலில் நின்று பார்க்கிற நம்மாளு, அடுத்த நொடி வெயிலில் ரோட்டில் நடந்து போகிறார். துரத்தப்பட்டவர், தானாக வெளியேறின மானஸ்தர் ஆகிவிட்டார்.

ஒரு தப்பு மட்டும் நடந்தது. படச்சுருளில் சத்தம் அந்தந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே பதிந்திருக்காது. கொஞ்சம் முன்னாலேயே பதிந்திருக்கும். அவசரத்தில் அதை யோசிக்கவில்லை. கை ஓங்குகிற படத்தை வெட்டிவிட்டேன், அறை விழுந்த சத்தம் முந்தின துண்டோடு தங்கிவிட்டது. அதனால் நம்மாளு வெயிலில் நடக்க ஆரம்பித்ததும் எங்கிருந்தோ 'பளார்' என்று ஒரு சத்தம் கேட்கும். இடி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தனும் எதுவும் எறியவில்லை.

முதல் நாள் படம் பார்த்த ஓர் ஊர்க்கார அம்மா மட்டும், பக்கத்து ஊரிலிருந்து நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்திருந்தார். படம் விட்டதும் கேபின் வாசலில் வந்து நின்றார். "அந்தப் பிள்ள அடிக்கிற எடத்தக் காணோமேப்பா. அதக் காட்டத்தான் இவளுகளக் கூட்டியாந்தேன்" என்றார். நான் கூசாமல் சொன்னேன்: "அப்படி ஒண்ணும் இந்தப் படத்துல இல்லையே ஆத்தா. நீங்க வேற படத்தோட சேத்துக் கொழப்பிக்கிறீங்க." கூட வந்த பெண்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

வெட்டின துண்டை, படப்பெட்டி திரும்பிப் போகும்போது ஒட்டிக் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. நான் ஒட்டவில்லை. மறந்துபோய் அல்ல, அறிவாளித்தனம்! அடுத்து அந்தப் பெட்டி கல்லுப்பட்டிக்குப் போகும், அப்புறம் கொட்டாம்பட்டிக்கு. எல்லா ஊரிலும் இதே மாதிரி ஆட்கள்தானே, அங்கே இருக்கிற ஆபரேட்டர் ஏன் அடிபட வேண்டும்? ரீல் டப்பாவுக்குள் ஒரு சீட்டு எழுதி வைத்தேன். 'வாசல் இடம் எடுத்தாச்சு. தகராறு வராது. தைரியமாக ஓட்டவும்.' கீழே என் பெயரையும் கையெழுத்தாகப் போட்டேன். பெரிய தியாகி!

துண்டை வைத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தம்மாவின் மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை. ஒரு வட்ட பிஸ்கட் டின்னில் சுருட்டிப் போட்டு, அவ்வப்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கை ஓங்கின ஒரு படம், கழுத்து நரம்பு தெரிகிற ஒரு படம். கொட்டகையை மூடின பிறகு மதுரைக்கு வந்து மோட்டார் காயில் கட்டப் போனேன். கல்யாணம், குழந்தை, வாடகை வீடு, அடுத்த வாடகை வீடு. டின் பரண் மேல் போனது. பத்து வருஷத்துக்கு முன்னால் வீடு மாறும்போது இறக்கித் திறந்தேன். குப்பென்று வினிகர் நாற்றம். பழைய ஃபிலிம் கெட்டால் அப்படித்தான் நாறும். சுருள் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டி, வெல்லக்கட்டி மாதிரி ஆகியிருந்தது. என் மனைவி ஊறுகாய் ஜாடி உடைந்துவிட்டதோ என்று ஓடி வந்தாள். குப்பை வண்டி வாசலில் நின்றது. போட்டுவிட்டேன். நாட்டில் இதே படம் வேறு நூறு பிரிண்டில் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

இருக்கவில்லை. மாலில் படம் போடுவதற்கு முன்னால் அதை வெளியிட்ட கம்பெனிக்காரர் ஒருவர் மைக்கில் சொன்னார். நெகட்டிவ் எப்போதோ அழிந்துவிட்டதாம். தேடாத இடமில்லையாம். கடைசியில் மதுரையில் ஒரு பழைய விநியோகஸ்தரின் குடோனில் ஒரே ஒரு பிரிண்ட் கிடைத்ததாம். எங்கள் பக்கம் சுற்றினது எத்தனை பிரிண்ட், நான் வெட்டினதுதான் இதுவாக இருக்க வேண்டுமா என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

வாசல் காட்சி வந்தது. அந்தம்மா பார்க்கிறார். சட்டென்று ரோடு, வெயில், நம்மாளு நடக்கிறார். 'பளார்.' குளிர்சாதன அரங்கத்தில், நாலு பக்கமும் ஸ்பீக்கரில், நான் செய்த தப்பைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கேட்க வைத்தார்கள். ரசிகர்கள் விசிலடித்தார்கள். செல்வம் என் தொடையில் தட்டி, "இடி எப்புடி மாப்ள!" என்றான். அவனை அறைந்திருப்பேன்.

படம் முடிந்து பேச்சு. ஒரு பேச்சாளர் அந்த இடத்தையே பிடித்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் கம்பீரமாக வெளியேறுகிறாரே, அதுதான் தமிழனின் தன்மானமாம். மேகமே இல்லாத வானத்தில் இடி இடிக்கிறதே, அது இயக்குநரின் மேதைமையாம், உள்மனத்தின் இடியாம். கைதட்டல் கூரையைப் பிளந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்தம்மாவைப் பற்றி எவனாவது பேசினானா? செருப்பெறிந்த கூட்டம் நரைத்துப்போய் உட்கார்ந்து தன்மானம் கொண்டாடுகிறது. அவர்களுக்காகக் கத்தரிக்கோல் பிடித்தவன் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

வெளியே வரும்போது கம்பெனிக்காரரிடம் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தம்மாவின் மகள். திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். அம்மா நம்மாளை அறைகிற காட்சி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "மேடம், அப்படி ஒரு சீனே இந்தப் படத்துல இல்ல. அம்மா வேற படத்தோட சேத்துக் குழப்பிக்கிட்டிருப்பாங்க."

என் வாக்கியம். கேபின் வாசலில் அன்றைக்கு நான் சொன்ன அதே பொய்.

கம்பெனிக்காரர் நகர்ந்ததும் நான் போய் அந்தப் பெண் எதிரில் நின்றேன். "இருந்துச்சும்மா. எடது கையால அடிப்பாங்க. நாந்தான் வெட்டினேன்" என்றேன்.

அவர், "அம்மாவுக்கு எல்லாமே எடது கைதான்" என்றார். அப்புறம் அந்தத் துண்டு எங்கே என்று கேட்டார். சொன்னேன். பேரையூர், செருப்பு, சீட்டு, பிஸ்கட் டின், குப்பை வண்டி, ஒன்றையும் விடவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "அம்மா சாகுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. அவ்வளவு பெரிய ஆள நீ அடிச்சியாக்கும்னு வீட்ல எல்லாரும் சிரிப்போம். நானுந்தான் சிரிச்சேன்" என்றார்.

அந்த இடி இடி இல்லை, உங்கள் அம்மா அறைந்த சத்தம் என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. உடனே திரும்பி அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுக்கப் போனார். போகிறபோது என் எண்ணை வாங்கிக்கொண்டார். "பொங்கலுக்குப் பிள்ளைகள்லாம் வருவாங்க. அவங்களுக்கும் கேக்க வைக்கணும்ல" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படம் ஒரு வாரத்தில் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. போன வாரம் செல்போனிலேயே பார்க்கலாம் என்று செல்வம் வந்து காட்டினான். வாசல் காட்சிக்குத் தள்ளினேன். அந்தம்மா பார்க்கிறார். ரோடு, வெயில், நம்மாளு நடக்கிறார். செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்று தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன். ஒலியை முழுசாக ஏற்றினேன். இல்லை. "மேகமே இல்லாம என்னடா இடின்னு நெட்டுல பயலுக கிண்டலடிச்சானுகள்ல, அதான் சரி பண்ணிட்டாங்க மாப்ள. இப்ப எம்புட்டு நல்லாருக்கு பாரு" என்றான் செல்வம். போனை அவன் மேலேயே விட்டெறிந்தேன்.

நேற்று அந்தப் பெண்ணிடமிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது. பொங்கலுக்குப் பிள்ளைகள் வந்திருப்பார்கள். நான் எடுக்கவில்லை.