கூண்டு வண்டிகளுக்கு நான் திறந்துவிட்ட காடு

நான் சொல்லப்போகும் ஆடி நோம்பிக்கு முன்பு, பரமத்தி வேலூர்ச் சாலையில் என்னைப் பற்றிக் குறைவாக ஒரு சொல் சொன்னவர் எவரும் இல்லை. எங்கள் ஊரில் முதன்முதலாகச் சென்னைக்குச் சென்று பி.ஏ. தேறியவன் நான். பஞ்சாயத்து போர்டில் என் இடத்துக்கு எவரும் போட்டியிட்டதில்லை. வழக்கென்று வந்தால் இரு தரப்பாரும் என்னிடமே வந்தனர். தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பாரும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டே போயினர். இவற்றைப் பெருமைக்காக எழுதவில்லை. இவற்றை அறியாதவர்களுக்கு நான் இழந்தது இன்னதென்று விளங்காது.

மேட்டூர் அணை எழும்பிய காலம் அது. சாலையில் பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. ஆயினும் எங்கள் பக்கத்தில் ஆடி நோம்பி என்னும் ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் நீராடப் போகிறவர்கள் பஸ்ஸை நம்பவில்லை. இராசிபுரத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கூண்டு வண்டியில் வருவார்கள். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம் விரித்திருக்கும். அடியில் அரிசி மூட்டை, விறகு, சட்டி பானைகள் கட்டித் தொங்கும். வழியில் சமைத்து, வழியிலேயே உறங்கி, ஆற்றைப் பார்த்துவிட்டு நிதானமாகத் திரும்புவார்கள். அவர்கள் ஓர் இரவாவது தங்கும் இடமாக எங்கள் ஊர் அமைந்திருந்தது.

தங்குவதற்கு இருந்தது போர்டின் வண்டிப்பேட்டை ஒன்றுதான். அதை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். அவ்வாண்டு ஏலம் எடுத்த குத்தகைதாரர் நோம்பிக்காகத் தங்கல் கட்டணத்தை உயர்த்திக் கேட்டார், போர்டும் இணங்கியது. நீராடப் போகும் குடும்பத்திடம் மாட்டை அவிழ்ப்பதற்குக் காசு கேட்பது நாகரிகமன்று என்று நான் எழுந்து பேசினேன்.

தலைவர் சிரித்தார். "காசு குடுத்துத் தங்கறது சனங்களுக்குப் பாரமில்லீங்க. நீங்கதான் பாரங்கறீங்க."

"என் சாலையோரக் காட்டைத் திறந்துவிடுகிறேன். இலவசம். வண்டிகள் அங்கே நிற்காவிட்டால் இந்த நாற்காலியில் இனி உட்கார மாட்டேன்" என்றேன்.

சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. கடலை விதைப்புக்காக உழுது போட்டிருந்த புன்செய் அது. எங்கள் பக்கத்தில் புன்செயைக் காடு என்றே சொல்வோம். வேலியைப் பிரித்து வழி செய்தேன். கிணற்றிலிருந்து நீர் இறைத்துத் தொட்டியை நிரப்பினேன். 'வண்டிகள் இரவு தங்கலாம். கட்டணம் இல்லை' என்று பெரிய எழுத்தில் பலகை எழுதி நட்டேன்.

முதல் நாள் மாலை, இராசிபுரத்து நெசவுக் குடும்பம் ஒன்று மூன்று வண்டிகளில் வந்தது. அவற்றை நடத்தி வந்தவர் நடுவயது அம்மையார் ஒருவர். அவருடைய கணவர் முதல் வண்டிக்குள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க சாமி, ராத்தங்க எவ்வளவுங்க?"

"ஒண்ணும் இல்லைங்கம்மா. இலவசம்."

"அது சரிங்க. எவ்வளவுங்க?"

பலகையைக் காட்டினேன்.

"பலகை சொல்லுமுங்க. அவுத்துப்போட்டு, ஒலை வெச்சு, புள்ளைக தூங்குனப்பறம் ஆராச்சும் தடியோட வந்து கேப்பாங்க. சும்மான்னு சொன்ன எடத்துலதானுங்க நாங்க நெம்பக் குடுத்திருக்கறோம்."

"நான் பஞ்சாயத்து போர்டு மெம்பர். பி.ஏ. படித்தவன்."

அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இன்னும் எச்சாத்தான் கேப்பீங்க" என்று சொல்லி மாட்டை முடுக்கச் சொன்னார். மூன்று வண்டிகளும் நேரே குத்தகைதாரரின் பேட்டைக்குப் போய்க் காசு கொடுத்து நெருக்கடியில் நின்றன. பின்னால் வந்தவர்களும் அவ்வாறே செய்தனர். திறந்த காட்டின் வாயிலில் அன்று மாலை முழுவதும் நான் ஒருவனாக நின்றேன். கொடுக்கிறேன் என்பவனைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கும் மக்களுக்கு என்ன செய்ய முடியும்?

மறுநாள் காலை நிலைமை தலைகீழாயிற்று. அதற்குக் காரணம் என் நற்பெயர் அன்று.

எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கிடை போடுவது வழக்கம். ஆட்டுக்காரர் தம் மந்தையை இரவில் நம் நிலத்தில் அடைத்து வைப்பார். புழுக்கை நிலத்துக்கு உரமாகும். அதற்காக நாம் அவருக்குக் கூலி கொடுப்போம். குத்தகைதாரர் தம் பேட்டையில் நின்றுகொண்டு, எல்லா வண்டிக்காரர்களும் கேட்கும்படி இப்படிச் சொன்னாராம்:

"ஆட்டுக்கெடை போட்டா நாம காசு குடுக்கோணும். மாட்டுக்கெடை போட்டா சும்மா! இத்தன சோடி மாட்டுச் சாணி ஒரே ராத்திரில! பி.ஏ. படிப்புன்னா சும்மாவாப்பா?"

பேட்டையே சிரித்ததாம். என்னை அவமதிக்கச் சொன்ன அந்தச் சொல்லே அவருடைய பேட்டையைக் காலியாக்கும் என்பதை அவர் எண்ணவில்லை. நண்பகலுக்குள் அதே அம்மையார் மூன்று வண்டிகளோடு என் காட்டுக்குத் திரும்பி வந்தார். நாமக்கல்லிலிருந்து வரவேண்டிய சம்பந்தி வீட்டு வண்டிக்காக இன்னும் ஓர் இரவு தங்க வேண்டுமாம்.

"நேத்தே சொல்லியிருக்கலாமில்லீங்க சாமி? சாணிக்குத்தான்னு தெரிஞ்சா நாங்க ஏன் அங்க போய் இடிபடறோம்?"

"சாணிக்காக அல்ல" என்றேன்.

"ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டே மாட்டை அவிழ்த்தார்.

அவரைக் கண்டு மற்றவர்களும் வந்தனர். மாலைக்குள் காடு நிறைந்தது. அதோடு முடிந்திருந்தால் பொறுத்திருப்பேன். ஆனால் கொடுக்கல் வாங்கல் என்று மனத்தில் பட்டவுடன் ஒவ்வொருவரும் என்னிடம் உரிமை கொண்டாடத் தொடங்கினர்.

"எங்க மாடு பருத்திக்கொட்டை திங்கற மாடுங்க. சாணி கெட்டியா இருக்கும். தொட்டில இன்னும் ரெண்டு சால் எச்சா ஊத்தச் சொல்லுங்க."

"நெழல்ல கட்டுனாத்தானுங்க மாடு நல்லாப் போடும். அந்த வேப்பமரத்தடிய எங்களுக்கு உட்டுப்போடுங்க."

ஒருவர் தம் காளைகளுக்குச் செரிமானம் சரியில்லை என்றும், அதற்காக நான் மனம் வருந்த வேண்டாம் என்றும் எனக்கே ஆறுதல் கூறினார். கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் பயின்றவன், நின்று இவற்றுக்கெல்லாம் மறுமொழி கூறிக்கொண்டிருந்தேன்.

என் பொறுமை அற்றது. பண்ணையாட்களை அழைத்து, காட்டில் விழுந்த சாணியையெல்லாம் கூடையில் அள்ளிச் சாலையின் எதிர்ப்புறம் கொட்டும்படியும், வேண்டியவர் எவரும் எடுத்துப் போகலாம் என்றும் உரக்க உத்தரவிட்டேன். இனியாவது உண்மை விளங்கும் என்பது என் எண்ணம்.

முதல் கூடை வேலியைத் தாண்டியவுடன் வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அம்மையார் எழுந்து வந்தார்.

"ஏனுங்க, எங்க மாட்டுச் சாணி ஆகாதுங்களா?"

"ஆகாது என்று யார் சொன்னது? எனக்கு எதுவும் வேண்டாம் என்கிறேன்."

"காசும் வேண்டாம், சாணியும் வேண்டாம். அப்ப எதுக்குங்க எங்கள இங்க நிறுத்தறீங்க?"

"நீங்கள் நிம்மதியாகத் தங்குவதற்கு!"

அவருடைய முகத்தில் நேற்றைய சந்தேகம் அப்படியே திரும்பி வந்தது. "பூட்டுங்கப்பா" என்றார். அவருடைய ஆட்கள் நுகத்தடியைத் தூக்கினர். பக்கத்து வண்டிக்காரர் தாமும் எழுந்தார். அடுப்பு மூட்டிய பெண்கள் அடுப்பை அணைத்தனர். சாலையில் குத்தகைதாரரும் போர்டு தலைவரும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தனர். வண்டிகள் வெளியேறினால் மறுநாள் முதல் போர்டில் எனக்கு இடமில்லை. என் சொல்லும் பொய்க்கும். வெளியேறாமல் இருக்க வேண்டுமானால், சாணிக்கு ஆசைப்பட்டவன் என்ற பெயரை அத்தனை பேர் முன்னிலையில் நானே ஏற்க வேண்டும். நேர்மையாக நடந்த ஒருவனுக்கு இந்த இரண்டு வழிகளை மட்டும் விட்டுவைத்த ஊரை என்ன சொல்வது?

அம்மையார் வேலியருகே நின்று திரும்பிப் பார்த்தார். "ஒரே சொல்லாச் சொல்லிப்போடுங்க சாமி. சாணி வேணுமுங்களா, வேண்டாங்களா?"

"வேண்டும்" என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க! இதுக்கு ஏனுங்க இத்தன கூச்சம்?" என்று அவர் சிரித்தார். நுகத்தடிகள் இறங்கின. அன்று இரவு அத்தனை குடும்பங்களும் என் காட்டிலேயே உறங்கின; விடியுமுன் ஆற்றுக்குப் புறப்பட்டன. போகும்போது அம்மையார் தம் மாடுகள் நின்ற இடத்தைக் காட்டி, "நல்லாப் போட்டிருக்குதுங்க, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டே வண்டியேறினார்.

போர்டில் என் நாற்காலி நிலைத்தது. அடுத்த ஆண்டு முதல் ஆடி நோம்பிக்கு மட்டும் தங்கல் கட்டணம் இல்லை என்று தீர்மானம் நிறைவேறிற்று. அத்தீர்மானத்தை முன்மொழிந்தவராகத் தலைவர் தம் பெயரையே எழுதிக்கொண்டார். எனக்குக் கிடைத்தது 'சாணி பி.ஏ.' என்ற பட்டம். கல்யாண வீடுகளில் என் காதுபடவே அதைச் சொல்லிச் சிரித்தனர். அவ்வாண்டு வண்டி மாடுகளின் எருவினால் என் காட்டில் கடலை முழங்கால் உயரம் வளர்ந்ததென்றும், அதை விற்று நான் கிணற்றுக்குக் கல்கட்டினேன் என்றும் இன்றளவும் பேசுகிறார்கள். இது தவறு. இப்படிப் பேசுவார்கள் என்பதை அறிந்தே அவ்வாண்டு அந்தக் காட்டை நான் விதைக்காமல் போட்டுவிட்டேன். அங்கே கடலை விளையவே இல்லை.