சோற்றில் மணல்

கூடுவாஞ்சேரி வீட்டுச் சமையலறையில், புறா இறகு உள்ளே வருகிறதென்று எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையில் நானே திணித்து வைத்திருந்த துணியை இன்று காலை உருவியபோது, அதிலிருந்து கிளம்பிய புகைப்பிசுக்கு வாடை என்னைக் கடப்பாக்கத்துக் காலனி வீட்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த வீட்டு வரிசையே போய்விட்டது. எங்களுடையது ஒரே அறை, ஒரே கதவு, கடலைப் பார்த்த சுவரின் உச்சியில் ஒரு சிமெண்ட் ஜாலி. அதன் வழியாகக் கடற்காற்று மணலை வாரிக்கொண்டு வந்து சோற்றுப்பானையில் கொட்டுகிறதென்று, அம்மா பழைய புடவையைக் கிழித்து ஜாலியின் ஓட்டை ஒவ்வொன்றையும் அடைத்திருந்தாள். சவுக்குச் சருகை எரித்துத்தான் சமையல். வெளியேற வழியில்லாத புகை கூரையடியில் தேங்கி, மெல்ல மெல்லப் பாய் வரைக்கும் இறங்கும்; அதில் படுத்திருக்கும் என் தங்கைக்கு நெஞ்சு விசில் சத்தத்தோடு இழுக்கும்.

ஒருநாள் தடுப்பூசி போட வந்த நர்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, கொயந்த மூச்சு வுட வயியில்லாம அடைச்சி வெச்சிகினுகீற?"

"சோத்துல மண்ணு வியுதுக்கா."

"வியட்டும்."

அவர் தெருமுனை திரும்பியதும் அம்மா ஸ்டூல் மேல் ஏறித் துணிகளை ஒவ்வொன்றாக உருவிப் போட்டாள்.

அன்று சாயங்காலம் சோறு பல்லில் நறநறத்தது.

"மெல்லாத, முயுங்கு" என்றாள் அம்மா.

மணலுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் காது தங்கையின் மூச்சுச் சத்தத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.