சாம்பல் கலந்த தளம்

எழுபதுகளில் சிமெண்ட் பெர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். கேட்டதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். அப்போது நான் பாகூர்ப் பக்கம் கொத்தனார். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

செலியமேட்டில் ஒருவர் வீடு கட்டினார். ரைஸ்மில் அடுப்புக்கு உமி தள்ளுகிற வேலை அவருக்கு. பழைய கூரையைப் பிரித்துவிட்டு, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியோடு மாட்டுக் கொட்டகையில் குடியிருந்தார். மழைக்காலத்துக்குள் மேல்தளம் போட்டாக வேண்டும். சிமெண்டோ போதவில்லை.

"மில்லுல குப்பையா கொட்றோமே, அந்த உமிச் சாம்பல கொஞ்சம் கலந்துக்கோ மேஸ்திரி. நல்லா வெந்து வெளுத்ததா சலிச்சித் தரேன்" என்றார்.

"இன்னாண்ணா, பாத்திரமா வெளக்கப் போறோம்?" என்று நக்கலடித்தேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதே கலவையில் தன் கையால் வார்த்த துவைகல்லைக் காட்டினார். சுத்தியலால் ஓங்கித் தட்டினேன். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டேன்.

ஆனாலும் தளம் போட்ட அன்று மனசு கேட்கவில்லை. சுண்ணாம்புக் காரையில் வெல்லம் கரைத்த தண்ணீர் ஊற்றி இறுக வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். சாம்பலுக்கும் அது பலம் கொடுக்கும் என்று நானாக நினைத்து, யாரிடமும் சொல்லாமல் கலவைத் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்துவிட்டேன். கரும்பு ஊரில் வெல்லத்துக்கா பஞ்சம்!

மூன்றாம் நாள் தளத்தில் கட்டை விரலை வைத்தேன். சேற்றில் வைத்தது போல உள்ளே போனது. ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. சாம்பலில் வீடு கட்டுகிறான் என்று அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் மனைவி கொட்டகையை விட்டு வெளியே வரவே இல்லை.

துவைகல் இறுகியது, தளம் ஏன் இறுகவில்லை? பாலம் கட்ட வந்திருந்த ஓவர்சியரிடம் போய்க் கேட்டேன். கலவையில் என்னென்ன போட்டாய் என்றார். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். சுண்ணாம்புக்கு ஆகிற வெல்லம் சிமெண்டுக்கு ஆகவே ஆகாதாம், இறுக விடாதாம்.

திரும்பி வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் பேச்ச கேட்டு ஒம் பேரும் கெட்டுப் போச்சி மேஸ்திரி. மனசுல வெச்சிக்காத."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வீட்டுத் தரைக்கு வைத்திருக்கும் சிமெண்டைக் கொண்டு வருகிறேன், கூலி வாங்காமல் தளத்தைப் பிரித்து மறுபடி போட்டுத் தருகிறேன் என்றேன். அடிப்பார் என்றுதான் நின்றேன்.

அவர் காதில் அதெல்லாம் விழுந்ததாகத் தெரியவில்லை. கொட்டகையைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், வெளிய வாடி! தப்பு சாம்பல் மேல இல்லையாம்!"