தவம் அண்ணை வீட்டு இரண்டு பெட்டிகள்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் தவம் அண்ணை முதலில் ஒரு கை தட்டுவார். ஒரே ஒரு தட்டு. பிறகு தலையைச் சற்றுச் சரித்து, அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வருவதை வாங்கிக்கொள்வார். எங்கள் கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் வந்தாலும் தட்டுவார். லிஃப்டுக்குள் தட்டுவார். பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் தட்டியபோது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு சுவிஸ் அம்மா கைப்பையோடு எழும்பிவிட்டாராம். செத்தவீட்டில் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அங்கேயும் விரல்கள் துடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முழுப்பெயர் தவச்செல்வன். அப்படிச் சொன்னால் எங்கள் ஊரான எம்மன்புரூக்கேயில் பாதிப்பேருக்கு ஆளைத் தெரியாது. 'சவுண்ட் தவம்' என்றால் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த காலம் தொட்டு நூல் ஆலையில் வேலை. சனி, ஞாயிறுகளில் தமிழர் கூடும் மண்டபங்களில் ஒலிபெருக்கி. பெண்பிள்ளையின் சாமத்திய வீடோ கலியாணமோ, கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு சுவராக, வலது உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்தபடி நிற்கும் மனிதர் அவர்தான். அவர் தலையாட்டிய பிறகுதான் மேடையில் ஆள் ஏறும். "தவம் அண்ணை காது வைச்சிட்டாரோ? அப்ப தொடங்குங்கோ," என்பது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

சத்தத்துக்கு அவரிடம் இருப்பவை எல்லாம் அடுப்படிச் சொற்கள். "இந்த மைக்கில சீனி கூடிப்போச்சு." "தவில் நல்லா வெந்திருக்கு, நாதஸ்வரம் பச்சையாக் கிடக்கு." ஒரு பேச்சாளரின் குரலைக் கேட்டுவிட்டு, "இது பழஞ்சோறு, ஒண்டும் செய்யேலாது," என்று குமிழிலிருந்து கையை எடுத்தவர். அண்மைக்காலமாக அவரிடம் ஒரே முறைப்பாடு.

"முந்திப் பாட்டுக்கு மேலை மிளகுத்தூள் தூவின மாதிரி சன்னமா ஒண்டு இருக்கும் தங்கச்சி. இப்ப வாற சாமான் ஒண்டிலயும் அது இல்லை. எல்லாம் கஞ்சி."

அந்த மிளகுத்தூளைத் தேடித்தான் இரண்டு பெட்டிகளும் அவர் வீட்டுக்கு வந்தன.

வீட்டிலிருந்த பெரிய அம்பிளிபயர் கோடை முடிய மூச்சை விட்டுவிட்டது. இப்போது எல்லாரும் வாங்குவது சின்னது. வை-ஃபையில் வரும் பாட்டைத் தானே இறக்கி ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடும். அவரும் ஒன்றைத் தருவித்தார். பாசல் நகரில் வேலை செய்யும் மகள் கோபிஷா இதைக் கேட்டுவிட்டு, "ஐயோ அப்பா, அது பழைய வெர்ஷன். அதே ஆக்கள் புதுசு விட்டிட்டினம்," என்று தன் பங்குக்கு இன்னொன்றை அனுப்பினாள். இரண்டும் கறுப்பு. இரண்டும் சாப்பாட்டுப் பெட்டி அளவு. முகத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஆளுக்கொரு வட்டக் குமிழ். பின்பக்கம் திருப்பினால் புதியதில் தொலைக்காட்சிக்கு ஒரு துளை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

"இதுக்குள்ள அம்பிளிபயர் இருக்கோ, இல்லாட்டி அம்பிளிபயரின்ர போட்டோ இருக்கோ?" என்று அவர் முதல் நாள் கேட்டார்.

இரண்டையும் போட்டுப் பார்த்து, பிடிக்காததை அழுக்குப் படாமல் திருப்பி அனுப்பலாம் என்பது ஏற்பாடு. ஆனால் முதலாவது பெட்டி வந்த அன்றே சிவகலா குளித்துவிட்டு வந்து அதன் நெற்றியில் சந்தனம் தொட்டு, அதற்கு மேல் குங்குமம் வைத்துவிட்டார். தவம் அண்ணையின் மனைவி அவர். அந்த வீட்டுக்குள் வந்த குளிர்சாதனப் பெட்டி, கார், கோபிஷாவின் மடிக்கணினி, எதுவும் பொட்டில்லாமல் வேலை தொடங்கியதில்லை. இரண்டாவது வந்தபோது அதற்கும் வைத்தார்.

"சிவகலா, ஒண்டு திரும்பிப் போகவேணுமப்பா!"

"போறது எதெண்டு உங்களுக்கே தெரியாது. ஒண்டுக்கு வைச்சு மற்றதை விட்டா அது என்ன நினைக்கும்?"

எதை வைத்திருப்பது என்பது தவம் அண்ணைக்கு வெறும் பாட்டு விடயம் அல்ல. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணீரோடு சோபாவில் இருவரும் அருகருகே இருந்து பாட்டுக் கேட்பது அவர்களுடைய நெடுநாள் பழக்கம். பிள்ளை பாசலுக்குப் போன பிறகு வீட்டில் மிஞ்சியிருந்த கலகலப்பு அந்த நேரம்தான். போன மாரியிலிருந்து பாட்டுத் தொடங்கியதும் சிவகலா எழும்பிவிடுகிறார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் ஏதாவது பார்க்கிறார். இவர் தனியே, பக்கத்தில் ஒரு குழிந்த மெத்தையோடு.

"அவவுக்குச் சாமான் பிடிக்கேல்லைத் தங்கச்சி," என்று படிக்கட்டில் வைத்து என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் தாழ்த்திய குரல் மேல்மாடி வரை போனது. "சரியான பெட்டி வந்தா தானா வந்து இருப்பா. எது சரியான பெட்டி எண்டதுதான் விளங்கேல்லை."

விளங்காததற்குக் காரணங்கள் இருந்தன. இணையத்தில் தேடினார். "ஜேர்மன்காரன் ஒருத்தன் பழையதுதான் இளஞ்சூடு எண்டுறான். இங்கிலீசுக்காரன் புதுசுதான் துப்புரவு எண்டுறான். மூண்டாவது ஆள், ரெண்டும் ஒண்டு, போய்ப் படுங்கோ எண்டுறான்." வீட்டில் ஸ்பீக்கர் ஒரு சோடிதான். ஒரு பெட்டியிலிருந்து வயர்களைக் கழற்றி மற்றதில் பூட்டுவதற்குள் முதல் கேட்டது மறந்துவிடும். ஆகவே கேட்ட சத்தத்தை வாய்க்குள் முனகிக்கொண்டே வயர் மாற்றுவார், கையில் அள்ளிய தண்ணீரைச் சிந்தாமல் கொண்டு போகிறவர்போல. அந்த நேரம் பார்த்து சிவகலா, "கீரைக்குத் தேசிக்காய் விடட்டோ?" என்று கேட்டால் போச்சு. மறுபடி முதலிலிருந்து.

பிறகு பெட்டிகளைத் துவாயால் மூடினார். தான் சுவரைப் பார்த்து நிற்க, மனைவி வயரை மாற்றவேண்டும் என்று திட்டம். ஒரு தடவை அடுப்பில் பருப்புப் பொங்கியதால் சிவகலா ஒன்றையும் மாற்றவில்லை. "மாத்தியாச்சு," என்று மட்டும் சொன்னார். இவர் சுவரைப் பார்த்தபடியே, "ஆ! இது வேறை! இதில உப்பு இருக்கு!" என்று கத்தினாராம். அந்த உண்மையைச் சிவகலா அவரிடம் சொல்லவில்லை. என்னிடம் உடுப்பு மடிக்கும்போது சொன்னார். சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது. மண்டபத்தில் நடந்த கடைசிக் கலியாணத்தில் ஆட்கள் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்கள். தவம் அண்ணை அது மண்டபத்துக் கூரையின் பிழை என்றார். எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டுக்காரர் என்னைத் தபால்பெட்டியடியில் கண்டு, "உங்கள் நண்பர் வீட்டில் இப்போதெல்லாம் தினமும் விருந்தா?" என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார். விருந்து ஒன்றும் இல்லை, இரண்டு பேர்தான் என்று சொன்னேன். ஒருவர்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் என்னையும் கூப்பிட்டார்கள். கோபிஷா ரயிலில் வந்திருந்தாள். மறுநாள் ஒரு பெட்டியைக் கையோடு கொண்டுபோய் அனுப்பிவிடுவது அவள் எண்ணம். சிவகலாவைத் தவம் அண்ணை கெஞ்சி இருத்தினார். "ஒரு பாட்டு. ரெண்டு பெட்டி. அவ்வளவுதான். இரும்."

சிவகலா சோபாவின் விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போல இருந்தார்.

முதலில் பழையது. குமிழ் அவர் கையில் வழக்கமான இடத்துக்குப் போனது. என் கோப்பையில் தேத்தண்ணீர் சிறு வளையங்களாக நடுங்கியது. சிவகலா நெற்றிப்பொட்டில் இரண்டு விரலை ஊன்றிக்கொண்டார். பாட்டை நிறுத்திவிட்டு இவர் எங்கள் முகங்களைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு முனகியபடி வயர் மாற்றினார். புதியது. அதே பாட்டு. நிறுத்தினார்.

"இப்ப சொல்லுங்கோ. உள்ளதைச் சொல்லவேணும்."

"ரெண்டாவதை வைச்சிருங்கோ," என்றார் சிவகலா, எழும்பப் பார்த்தபடி. "முதலாவதில உந்த இரைச்சல் இருக்கு."

"எந்த இரைச்சல்?"

"பாட்டு நிண்ட பிறகு 'ஸ்ஸ்' எண்டு கேட்டுக்கொண்டே இருந்ததே."

"நிப்பாட்டினாப் பிறகு என்னெண்டு கேக்கும்? கேக்கக் கூடாதெண்டுதானே நிப்பாட்டுறது!"

"அப்பா, எனக்கும் கேட்டது," என்றாள் கோபிஷா.

அவர் மறுபடி பழைய பெட்டியைப் பூட்டினார். பாட்டுப் போடவில்லை. எல்லாரும் பேசாமல் இருந்தோம். தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் கடைசியாக அடங்கும்போது எழும் மெல்லிய சீறல், நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"போட்டிருக்கோ?" என்றார்.

"போட்டுத்தான் கிடக்கு அப்பா. லைற் எரியுது."

முழங்காலிட்டு ஸ்பீக்கரில் வலது காதை வைத்தார். பிறகு இடது காதை. மற்ற ஸ்பீக்கருக்குத் தவழ்ந்து போனார். உள்ளங்கையைக் குவித்து வைத்துப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, ஒரு கை தட்டினார். அது அவருக்குக் கேட்டது. தலையைச் சரித்துச் சுவரிலிருந்து அது திரும்பி வரும்வரை காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைக்கு, இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"தங்கச்சி?"

"கேக்குது அண்ணை."

சிவகலா விரல்களை நெற்றியிலிருந்து எடுத்தார். "பிரிட்ஜ் கதவு திறந்து கிடந்தால் 'கீ கீ' எண்டு கத்தும். நீங்கள் பக்கத்தில இருந்து சாப்பிட்டுக்கொண்டு இருப்பியள். நான் வந்து பூட்டுவன்."

"அது கத்துமோ?"

"வாங்கின நாள் துடக்கம் கத்துது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சனம் முழுக்க உங்கட காதை நம்பி நிக்குது. நான் என்னெண்டு சொல்லுறது?" சிவகலா பெட்டிகளைக் கையால் காட்டினார். "எனக்குப் பெட்டியில ஒரு கோவமும் இல்லை. பாட்டிலயும் இல்லை. நீங்கள் கூட்டிக்கொண்டே போறியள். எனக்குத் தலை வெடிக்குது. அதுதான் உள்ளுக்குப் போறனான்."

"ஆலையில காதடைப்பான் போடுறேல்லையோ அப்பா?" என்று கோபிஷா கேட்டாள்.

"போட்டனான். அதுக்கு உள்ளுக்கை வோக்மன் இயர்போனும் வைச்சனான். மிசின் சத்தத்தை வெல்லவேணும் எண்டு முழுக்கத் திருப்பி..."

இந்தக் கதையை அவர் தன் கெட்டித்தனமாகப் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேற்பார்வையாளரை ஏமாற்றிய இடத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு வரும். அன்று அந்த இடம் வரைக்கும் போகவில்லை.

இரண்டு பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், ஏதோ அங்கே எழுதியிருக்கும் என்பதுபோல.

"அப்ப அந்த மிளகுத்தூள்?" என்றார்.

"அது இருக்கப்பா," என்றாள் கோபிஷா மெல்ல. அவர் விளங்காமல் பார்க்கவும் குரலை உயர்த்தினாள். "எல்லாப் பாட்டிலயும் இருக்கு."

பழைய பெட்டி தன் பாட்டில் சீறிக்கொண்டிருந்தது.

"அப்ப நான்தான் கஞ்சி," என்றார் தவம் அண்ணை.

முதலில் சிரித்தது சிவகலா. பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

லுட்சேர்னில் காது வைத்தியரிடம் நேரம் எடுப்பதாகக் கோபிஷா சொன்னாள். "வாற கிழமை மண்டபத்தில ஒரு கலியாணம் கிடக்கு, அது முடியட்டும்," என்றார். சிவகலா அவரைப் பார்த்தார். "சரி, எடு," என்றார் தவம் அண்ணை மகளிடம்.

எது போகவேண்டும் என்பதில் இப்போது குழப்பம் இல்லை. சீறுவது போகவேண்டும். கோபிஷா காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை நனைத்துக்கொண்டு வந்து குங்குமத்தில் வைக்கப் போனாள். சிவகலா அவள் கையைப் பிடித்துவிட்டார்.

"பொட்டை நீ அழிக்காதை பிள்ளை. நான் வைச்சது, நானே எடுக்கிறன்." ஈரத்துணியால் ஒரே துடைப்பில் எடுத்தார். குமிழைச் சுற்றிய வெட்டில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு மிஞ்சியது. "வந்த விருந்தாளி. போயிட்டு வரட்டும்."

பெட்டி உறைக்குள் போனது. நான் எழும்பியபோது, "தேத்தண்ணி ஆறிப்போச்சு, இரும், புதுசு போடுறன்," என்று சிவகலா உள்ளே போனார். இருந்தேன். அவர் தட்டோடு திரும்பி வந்து, பழையபடி சோபாவின் விளிம்பில் இருந்தார். ஒரு கண் அறைக்கதவில் இருந்தது.

தவம் அண்ணை புதிய பெட்டியில் வயரைப் பூட்டிப் பாட்டைப் போட்டார். கை பழக்கத்தில் குமிழை வலப்பக்கம் கொண்டுபோனது. சிவகலாவின் விரல்கள் நெற்றியை நோக்கி எழும்பின. தவம் அண்ணையின் கை நின்றது. ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, உள்ளங்கையைக் காதுக்குக் கொண்டுபோகாமல், மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு குமிழை இடப்பக்கம் திருப்பத் தொடங்கினார். விரல்கள் இறங்கின. இன்னும் கொஞ்சம் திருப்பினார். புருவம் இளகியது. இன்னும் ஒரு துளி. சிவகலா பின்னுக்குச் சாய்ந்து, இரண்டு காலையும் தூக்கிச் சோபாவின் மேல் மடித்து வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார்.