வார்க்காத முகம்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்ததுதான். பீர்மேட்டில் பல நாட்களாக மழை விடவில்லை. சுவரெல்லாம் வியர்த்திருந்தது. பெட்டிக்குள், ஒரு பழைய புடவையில் சுற்றி, மைமூனின் முகத்திலிருந்து எடுத்த பிளாஸ்டர் அச்சு இருந்தது. வெளியே பார்த்தால் கரடுமுரடான வெள்ளை ஓடு. உள்ளே அவளுடைய நெற்றியும் மூடிய இமைகளும் சற்றே கோணிய உதடுகளும் மேடெல்லாம் பள்ளமாகப் பதிந்திருக்கும். ஈரம் ஏறினால் பிளாஸ்டர் நைந்துபோகும். ஆகையால் மழைக்காலம் முழுவதும் எனக்கு அதே கவலை. மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது.

குமுளியில் மைமூனின் கணவர் நடத்தும் ஏலக்காய்க் கடையின் ஜீப். டிரைவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

“டீச்சரம்மா, மொதலாளி உங்களக் கூட்டியாரச் சொன்னாரு.”

“மைமூனுக்குப் பிள்ள பிறந்திருச்சா?”

“பொட்டப்புள்ள. நல்லாருக்கு.” அவர் சாக்கைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். “மைமூனம்மாதான் விடியக்காலம் தவறிட்டாங்க. மத்தியானத்துக்குள்ள அடக்கம். வாங்க, நேரமாகுது.”

பெட்டியை மூடிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். அச்சின் குழிக்குள் பார்க்கப் பயமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தடவித் தடவிப் புடவையைச் சுற்றினேன்.

குமுளியில், கடைக்கு மேலே இருந்த வீட்டில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். யாரோ ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், “மொகம் பாக்குறீங்களா டீச்சர்? மூடப் போறாங்க” என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். ஆனால் நான் பார்த்தது வெள்ளைத் துணியின் ஓரத்தை மட்டும்தான். அதில் கற்பூரத் தூள் ஒட்டியிருந்தது. கண்ணை அதற்கு மேலே உயர்த்த என்னால் முடியவில்லை. பிறகு மூடிவிட்டார்கள்.

நம் பாலக்காட்டு ஓவியப் பள்ளியின் ஆண்டு மலருக்கு மைமூனைப் பற்றி எழுதும்படி வகுப்புத் தோழர் வெங்கிட்டு கேட்டிருக்கிறார். நம்மோடு படித்த உங்களுக்கு அவளைத் தெரியும். நமக்குப் பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பாலக்காடு சென்னை ராஜ்யத்தில் இருந்த கடைசி வருடம் அது. அவள் பாலக்காட்டுக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தரின் மகள், வயது பத்தொன்பது. நான் பீர்மேட்டில் சரித்திர ஆசிரியை, வயது நாற்பது. அம்மா இறந்தபின் காலியான வீட்டில் இருக்கப் பயந்து, சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவள். கரும்பலகையில் தேசப்படம் நன்றாக வரைவேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. வகுப்பில் பெண்கள் நாங்கள் இருவரே. முதல் வருடம் எல்லோரும் எல்லாத் துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் பழக வேண்டும், இரண்டாம் வருடம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்பது பள்ளியின் விதி. எனக்கு ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு புதுப் பயமாக இருந்தது.

முதலில் பென்சில். கடைவீதியில் மூட்டை தூக்கும் ஒரு கிழவரை முக்காலியில் உட்காரவைத்து வரையச் சொன்னார்கள். யாருடைய முகத்தையும் உற்றுப் பார்த்தால் அது என்னிடம் ஏதாவது கேட்டுவிடும் என்று சிறுவயதிலிருந்தே எனக்கு ஒரு பயம் உண்டு. மணியடித்தபோது என் தாளில் ஒரு முக்காலியும் இரண்டு கால்களும் மட்டுமே இருந்தன. கல்பாத்தி வெங்கிட்டு எட்டிப் பார்த்தார்.

“எந்தா டீச்சர், கிழவரோட தலையைக் காணுமே? ஆத்துலே வெச்சுட்டு வந்துட்டாரோ?”

வகுப்பே சிரித்தது. மைமூன் தன் தாளிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்:

“உங்க படத்துல தலை இருக்குதுங்க, கழுத்தைத்தான் காணோம். அதையும் ஊட்டுலயே வெச்சுட்டாராட்ட இருக்குது.”

அவள் தாளில் கிழவரே இல்லை. அவர் தோளில் கிடந்த துண்டின் மடிப்புகளை மட்டும் வரைந்திருந்தாள். பள்ளியில் சேர்த்தபோது அவள் தகப்பனார் சொன்னாராம்: “பூவோ கொடியோ எது வேணா போடு கண்ணு. மூச்சு விடற உசுரு மட்டும் வேண்டாம்.” அது உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். “அத்தா எனக்காக ஊரு பேச்செல்லாம் கேட்டுட்டுத்தானுங்க இங்க சேத்தியிருக்காரு. அவருக்காக நான் இது ஒண்ணு கேட்டுக்கிட்டா கொறைஞ்சா போயிருவேன்?” என்றாள். சலிப்பே இல்லாமல் சொன்னாள்.

களிமண் வகுப்பில் நான் செய்த பாத்திரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கை நடுங்கினால் மண்ணுக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. “டீச்சரக்கா, உங்க பானையே பயந்து குனியுதுங்க” என்பாள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். பாதி மரியாதை, பாதி உறவு. மரக்கட்டையில் அச்சு வெட்டும் வகுப்பில் அவள்தான் எல்லோருக்கும் முன்னால் போனாள். மாவிலைக் கரை ஒன்று வெட்டித் துணியில் பதித்துக் காட்டினாள். நான் உளியைப் பிடித்தபடி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் பிளாஸ்டர் வகுப்பு வந்தது. களிமண்ணும் பிளாஸ்டரும் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை நாம் மாஷ் என்றே கூப்பிடுவோம். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் முகத்தில் ஒருவர் அச்சு எடுக்க வேண்டும் என்றார் மாஷ். முகத்தில் எண்ணெய் தடவி, மூச்சுக்காக குழாய் போன்ற இரண்டு ஆமணக்கு இலைக் காம்பை மூக்கில் சொருகி, கண், வாய் எல்லாவற்றையும் மூடிப் பிளாஸ்டர் பூசுவார்கள். அது இறுகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். கேட்டதுமே வகுப்பிலிருந்து எழுந்து விடுதிக்குப் போனேன். ஊருக்குப் போகிறேன் என்று பாயைச் சுருட்டினேன். மைமூன் விடுதி வாசலில் வந்து நின்றாள்.

“எங்க போறீங்க? நான் முன்னால படுத்துக்கறனுங்க. செத்துப் போகலீன்னா அப்புறம் நீங்க படுங்க.”

“உங்க அத்தா?”

அதை அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். “அச்சு எடுத்துக்கலாம். ஆனா ரொப்பக் கூடாதுங்க. ரொப்பினா அது மொகம். குழி மூச்சு விடாதுங்களே?”

அச்சுக்குள் பிளாஸ்டரை ஊற்றி முகத்தை வார்த்துக் காட்டினால்தான் மதிப்பெண். எங்கள் இருவருக்கும் அந்தப் பாடத்தில் மதிப்பெண் போனால் போகட்டும் என்று முடிவாயிற்று. பேச முடியாது என்பதால் கையைப் பிடித்துக்கொள்வது என்றும் பேசிக்கொண்டோம். ஒருமுறை அழுத்தினால் சுகம். இரண்டுமுறை அழுத்தினால் எடுத்துவிடு.

அவள் மேசைமேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு முகத்தை நான் நிதானமாகப் பார்த்தது என் வாழ்வில் அதுவே முதல் தடவை. கண்கள் மூடியிருந்ததால் முடிந்தது. புருவத்தில் எண்ணெய் தடவினேன், நெற்றியிலிருந்து தொடங்கிப் பூசினேன். முகம் முழுவதும் மறைந்து இரண்டு காம்புகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தபோது மாவு ஒட்டிய கையால் அவள் கையைத் தேடிப் பிடித்தேன். அவள் கை என் கையை ஒருமுறை அழுத்தியது. அச்சைக் கழற்றியபோது மாஷ் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாக் கிட்டியிருக்கு டீச்சரே. வார்த்தா ஒண்ணுதான் கிட்டும், கேட்டோ. அச்சை ஒடைச்சுத்தான் முகத்தை எடுக்கணும்.”

வார்க்கப் போவதில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அச்சை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

என் முறை வந்தபோது பிளாஸ்டர் கன்னத்தைத் தொடுமுன்பே இரண்டுமுறை அழுத்திவிட்டேன். முணுமுணுக்காமல் துடைத்தாள். மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் துடைத்தாள். மூன்றாம் தடவை, “டீச்சரக்கா, மாவு தீந்துபோச்சுன்னா நம்ம ரெண்டு பேர்த்தையும் வித்துத்தான் மாஷ் வாங்கோணும்” என்றாள். நான் சிரித்ததில் பூசியது வெடித்தது. அதற்கடுத்த தடவை நிலைத்தது. இருட்டு, காதுக்குள் என் மூச்சின் சத்தம், பிளாஸ்டர் இறுக இறுக முகத்தில் ஏறும் சூடு. உலகத்தில் அவள் கை மட்டுமே மிச்சமிருந்தது. அது அவ்வப்போது ஒருமுறை அழுத்திக்கொண்டே இருந்தது.

நாங்கள் இருவரும் இரண்டாம் வருடத்துக்குப் போகவில்லை. என் விடுப்பு முடிந்தது. அவளுக்குக் குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சுலைமானோடு கல்யாணமாயிற்று. பீர்மேட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகும் தூரத்தில் வந்து சேர்ந்தாளே என்று சந்தோஷப்பட்டேன்.

கடைசியாக அவளைப் பார்த்தது இந்த மழை தொடங்கும்போது. வீடு முழுக்க ஏலக்காய் வாசனை. அவளால் உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

“டீச்சரக்கா, எனக்குப் பயமா இருக்குதுங்க.”

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாழ்நாளெல்லாம் பயந்த எனக்குச் சொல்ல ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டு இரண்டுமுறை அழுத்தினாள். எதை எடுப்பது? என்னால் எடுக்க முடிந்தது எதுவும் அங்கே இல்லை. கையை விடாமல் அவளே கேட்டாள்.

“குழி பத்திரமா இருக்குதுங்களா?”

“இருக்கு.”

“ரொப்பலீங்களே?”

“இல்லை.”

“ஒடைச்சும் போட்றாதீங்க.”

அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான்.

அவளுடைய நாற்பதாம் நாள் கழிந்தபின் வெங்கிட்டு பாலக்காட்டிலிருந்து பஸ் மாறி மாறிப் பீர்மேட்டுக்கு வந்தார். மலருக்கு எழுதச் சொன்னதோடு இன்னொன்றும் கேட்டார்.

“அவளோட அச்சு உங்காத்துலேதானே இருக்கு? ஒரே ஒரு தடவை வார்த்துடலாம், டீச்சர். ஸ்கூல் ஹாலிலே வெச்சா என்னிக்கும் இருக்குமாக்கும்.”

“வேண்டாம்னு சொல்லியிருக்கா, வெங்கிட்டு.”

“அது அப்போ. அப்பாவுக்காகச் சொன்னது. இப்போ அவளே இல்லையே?”

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்துக்கு எதிரே என்னால் மறுத்துச் சொல்ல முடியவில்லை. நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மாஷையும் அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பயந்துகொண்டே குமுளிக்குப் போனேன். சுலைமான் கடையில் தனியாக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“தெரியும் டீச்சர். எம் மொகம் பீர்மேட்டுல ஒரு பெட்டிக்குள்ள கெடக்குன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லுவா.” தராசுத் தட்டில் கிடந்த ஏலக்காய்களை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். “எங்ககிட்ட ஒரு போட்டோ கூடக் கெடையாது. கண்ண மூடுனா கண்ணு தெரியுது, வாய் தெரியுது, சேத்துப் பாத்தாத் தெரிய மாட்டேங்குது. மறந்துருவேனோன்னு பயமாருக்கு.”

“கொண்டுவந்து காட்டட்டுமா?”

“வேண்டாம். எனக்குக் காட்டிராதீங்க. கண்டா நானே ரொப்பச் சொல்லிருவேன்.”

மாடியில் அவருடைய தாயார் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். அது தூங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தது. பார்வையைத் திருப்பாமல் இருந்தேன். இன்னும் சில வருடங்களில் அது என்னிடம் என்ன கேட்கும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

வெங்கிட்டு, உங்களுக்கு நேரில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அச்சைத் தர மாட்டேன். மைமூன் தன் தகப்பனாருக்குக் கொடுத்த வார்த்தையை மாற்ற உங்களுக்கோ எனக்கோ உரிமையில்லை. தனக்கே இல்லை என்று சுலைமான் நினைக்கிறார். மகளுக்கு ஒருவேளை இருக்கலாம். அவள் வளர்ந்து, ரொப்பு என்றால் ரொப்புகிறேன். அப்படியே இருக்கட்டும் என்றால் விளக்கைப் பிடித்து உள்ளே காட்டுகிறேன், விரலால் தடவிப் பார்க்கட்டும். நெற்றி எங்கே, உதடு எங்கே என்று நான் சொல்வேன்.

மைமூனிடமிருந்து என்னோடு இருப்பது அந்தக் குழியும், பேச்சு வராத இடத்தில் கையை நீட்டும் பழக்கமும்தான். பழக்கத்துக்கு மழையால் கெடுதல் இல்லை. போன வாரம் அச்சைத் தொட்டபோது மூக்கின் ஓரத்தில் மாவு உதிர்ந்து விரலில் ஒட்டியது. அன்று இரவு நான் தூங்கவில்லை. குழந்தை வளரும்வரை, இன்னும் பத்துப் பன்னிரண்டு மழைக்காலத்தை இந்த வீட்டில் அது தாங்காது. எத்தனை அடுப்பு மூட்டினாலும் தாங்காது.

ஆகையால் மறையூருக்கு மாற்றல் கேட்டு எழுதப் போகிறேன். மழை அங்கே மேற்கு மலையோடு நின்றுவிடுகிறது, துணி ஒரே வெயிலில் காய்கிறது என்கிறார்கள். அங்கே போக ஆசிரியைகள் யாரும் சம்மதிப்பதில்லை, கேட்டால் கிடைக்கும். தலைமையாசிரியைக்கும் தெரியாது, சுலைமானுக்கும் தெரியாது. மூணாறு வழியாக, தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊருக்கு, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு தனியாகப் போக வேண்டும். நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. போகிறேன்.