கனடாத் தலைவருக்குப் பூக்கேட்டது

ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், கனடாவில் ஒரு கட்சித் தலைவர் பதவி இழந்ததற்கு நான்தான் காரணம் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போலீஸ் வரும் என்று பயம். எந்த ஊர்ப் போலீஸ் என்பதில்தான் தெளிவில்லை.

அப்போது முதலிபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே எங்கள் பனியன் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே கொஞ்சம் தையல் மிஷின்கள், துணி வெட்ட ஒரு மேஜை, பிரிண்ட் அடிக்க ஒரு நீள மேஜை, அவ்வளவுதான். பெரிய கம்பெனிகள் தங்களுக்குக் கைமீறிப் போகும் வேலையைத் தள்ளிவிடும். அதைச் செய்துகொடுத்து அப்பா காலம் தள்ளிக்கொண்டிருந்தார். கணியூரில் பெரியப்பாவோடு சண்டை போட்டு, இனி இந்தத் தோட்டத்து மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். கம்பெனி நொடித்துப் போனால் எங்களுக்குப் போக்கிடம் அந்தத் தோட்டம்தான். அப்பா உயிரோடு இருக்கும்வரை போகக் கூடாத இடமும் அதுதான்.

அந்த வருடம் முதல் தடவையாக எங்கள் பெயருக்கே ஒரு ஆர்டர் வந்தது. கனடாவில் தேர்தல் வருகிறது, ஒரு கட்சிக்காரர்கள் ஓட்டுக் கேட்கப் போகும்போது போட்டுக்கொள்ள டீ-ஷர்ட் வேண்டும் என்று கோயமுத்தூர் ஏஜெண்ட் ஒருவர் கொண்டுவந்தார். வெள்ளை டீ-ஷர்ட், நெஞ்சில் தலைவர் முகம். மாதிரிக்கு அடித்த ஒன்றை அப்பா வீட்டுக்குள் ஸ்விட்ச் பெட்டிக்கு மேலே ஆணியில் மாட்டிவைத்தார். கண்ணாடி போட்ட, நரைத்த, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிற மனிதர். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவர் பார்வை என் மேலேயே வந்து விழுந்தது. சாப்பிடும்போது அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வேன். முதுகு குறுகுறுக்கும்.

மாமா அடிக்கடி வருவார். அம்மாவின் தம்பி. உள்ளூரில் ஒரு கட்சியில் வட்டப் பிரதிநிதியாக இருந்தார். அவருக்குத் தெரியாத அரசியல் கிடையாது. கனடா எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியாது. கட்சி ஆர்டர் என்று கேள்விப்பட்டதுமே வெள்ளை வேட்டியோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

துணி வெட்டி முடிந்து பிரிண்ட் ஆரம்பிக்க இருந்த நேரத்தில் ஏஜெண்ட் போன் செய்தார். அந்தக் கட்சிக்கு அங்கே காற்று மாறிவிட்டதாம். முதலாவதாக வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இரண்டாவது என்கிறார்களாம், சிலர் மூன்றாவது என்கிறார்களாம். இந்தத் தலைவரை வைத்துக்கொண்டு கரை சேர முடியாது, ஆளை மாற்று என்று கட்சிக்குள்ளேயே குரல் கிளம்பியிருக்கிறதாம். நிறுத்தி வையுங்கள் என்றார். மறுநாள் கூப்பிட்டு, தேதி தவறினால் ஆர்டர் கேன்சல், தயாராக இருங்கள் என்றார். நிறுத்தவும் வேண்டும், தயாராகவும் இருக்க வேண்டும் என்றால் அப்பா என்னதான் செய்வார்?

மாமாவுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. “எலக்சன் நேரத்துல எவனாச்சும் தலைவரை மாத்துவானுங்களா மச்சான்? செவுத்துல எழுதுனதெல்லாம் என்னத்துக்காகறது?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, அவருக்குப் பையன் இருக்கிறானா என்று கேட்டார். இரண்டும் பெண்கள் என்று ஏஜெண்ட் சொன்னதாக அப்பா சொன்னார். “அப்ப மருமவன்தான். மாத்துனா மருமவனைத்தான் போடுவாங்க” என்று மாமா தீர்த்து வைத்தார்.

நான் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தது அந்த நாட்களில் எனக்கே வினையாகிவிட்டது. அப்பா தன் போனில் கனடாச் செய்தியைத் திறந்து என் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வேண்டிய பதிலை நான் எங்கேயோ ஒளித்துவைத்திருப்பது போல இருக்கும் அந்தப் பார்வை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்து போய்விடுவார். மிஷின்கள் ஓடாத கம்பெனி எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். இழவு விழுந்த வீடு மாதிரி எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள்.

என் பயம் வேறு மாதிரியானது. அதற்கு முந்தைய வருடம் எங்கள் பக்கத்தில் ஒரு தலைவரைப் பற்றி ஏதோ செய்தி வந்த அன்று, கடைகளின் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியதையும், பஸ் கண்ணாடி ரோடெல்லாம் சிதறிக் கிடந்ததையும், அம்மா செருப்புக்கூடப் போடாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்திருந்தேன். தலைவர் போனால் அப்படித்தான் நடக்கும். கனடாத் தலைவர் போனால் அவருடைய ஆட்கள் சும்மா இருப்பார்களா? எதிர்க்கட்சிக்காரன்தான் சும்மா இருப்பானா? அவர் முகத்தை மாட்டிவைத்திருக்கிற ஒரே வீடு இந்த ஊரில் எங்கள் வீடுதான். கல் எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஜன்னலை ஜன்னலாகப் பார்த்துவைத்தேன்.

கடைசியில் மாமாதான் அந்த யோசனையைச் சொன்னார். “ஏனுங் மச்சான், இத்தனை ரோசனை என்னத்துக்கு? ஆத்தாகிட்டப் பூக்கேட்டுப் போடலாம். நிப்பாருன்னா அடிப்போம், போயிருவாருன்னா உட்ருவோம்.”

எங்கள் பக்கம் கல்யாணமானாலும் கிணறு வெட்டுவதானாலும் மாரியம்மனிடம் பூக்கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. அந்தக் குழந்தை நான்தான் என்று வெள்ளிக்கிழமை காலையில்தான் தெரிந்தது. அம்மா வராமல் நான் போக மாட்டேன் என்று அழுதேன். அம்மா முதலில் மறுத்துவிட்டு, அப்புறம் வேனில் ஏறிக்கொண்டாள்.

கோயிலுக்கு வந்தும் அம்மா உள்ளே வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். “நீ போ கண்ணு, நான் செருப்பைப் பாத்துக்கறேன்” என்றாள். எங்கள் செருப்பை யார் திருடப்போகிறார்கள் என்று எனக்குக் கோபமாக வந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அப்பாவோடும் மாமாவோடும் உள்ளே போனேன்.

பூசாரி பெயர், நட்சத்திரம் கேட்டார். மாமா கொஞ்சம் தடுமாறி, “பேரு வாயில நுழையாதுங்க. வெளிநாட்டுல பெரிய கட்சித் தலைவருங்க. பதவியில நெலச்சு நிப்பாருன்னா வெள்ளைன்னு கேளுங்க” என்றார். பூசாரி ஒரு நொடி மாமாவைப் பார்த்தார். இதைவிட விசித்திரமான வேண்டுதல்களையும் கேட்டவராக இருந்திருக்க வேண்டும். அரளிப் பூக்களை எடுத்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தானே மடித்து அம்மன் காலடியில் வைத்தார்.

நான் கண்ணை மூடிக் கையை நீட்டினேன். முதலில் பட்ட பொட்டலம் சில்லென்று ஈரமாக இருந்தது. என்னவோ உயிருள்ளதைத் தொட்டுவிட்டது போலப் பயந்து கையை இழுத்துக்கொண்டேன். அப்புறம் மற்றதை எடுத்தேன். பிரித்தபோது வெள்ளை. மாமா “ஆத்தா!” என்று கத்தியதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா என் தலையில் கை வைத்தார். 

அன்று மதியமே பிரிண்ட் ஆரம்பமாயிற்று. கம்பெனியில் இடம் போதாமல் வீட்டுக்குள்ளும் டீ-ஷர்ட்டுகளை அடுக்கினார்கள். கட்டிலைச் சுற்றிலும் கூரைவரைக்கும் அந்தச் சிரிப்பு. போர்வையை இழுத்து மூடிக்கொண்டாலும் பிரிண்ட் வாசனை மூக்கில் ஏறும். ஆனால் முதல் தடவையாக அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் வந்தது. ஆத்தாவே சொல்லிவிட்டாள், இனி நீங்கள் போக மாட்டீர்கள் என்று மனதுக்குள் அவரிடம் சொல்லிவைத்தேன்.

எல்லாம் பெட்டியில் ஏறவிருந்த நாளில் அப்பா போனை நீட்டினார். தலைவர் படத்துக்குக் கீழே இருந்த வரியைத் தப்பில்லாமல் வாசித்தேன். வாசித்த திருப்தியில் நிமிர்ந்து பார்த்தேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்த வரியில் இருந்த ராஜினாமா என்ற சொல்லை எந்த மொழியில் சொன்னாலும் தெரிந்துகொள்ளும் நிலைமையில் இருந்தார். அடுக்கிவைத்த முகங்களின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் எல்லா ஜன்னலையும் சாத்தினேன். கல் வரவில்லை. யாருமே வரவில்லை. ஏஜெண்டின் போன்கூட வரவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, ஊத்துக்குளியில் வாழ்க்கைப்பட்டவள். வரும்போதெல்லாம் கொண்டுவரும் வெண்ணெயை அன்றும் கொண்டுவந்தாள். அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள். பூ எடுத்தது யார் என்று விசாரித்தாள். நான் தொட்டதை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்ததை மாமா வாயை வைத்துக்கொண்டிராமல் சொல்லிவிட்டு, டீக்கடைக்குக் கிளம்பிப் போனார்.

“அதாஞ் சாமி, காரியம் கெட்டுது. ஆத்தா குடுத்த பூவை உட்டுப்போட்டு இன்னொண்ணை எடுத்திருக்குது. ராசியில்லாத கையிங்க இது. நாளைக்கு இந்தக் கை போற ஊடு என்னாகும்?” என்றாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்று என் கையைப் பார்த்தேன். அவள் சொன்னது நான் ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்ததுதான். ஆனால் அடுத்தவர் வாயில் கேட்டபோது அந்தக் கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். அத்தைக்கு முன்னால் குரலை உயர்த்தியே அறியாதவள். “புள்ளையச் சொல்லாதீங்க அண்ணி. ரெண்டு பொட்டலத்துலயும் நாந்தான் வெள்ளைப்பூவே வெச்சேன். எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். இவரு படற பாடு பாக்க முடியலீங்க, அதான் வெச்சுப்போட்டேன்” என்றாள்.

 ஆத்தா மேல் ஆணையாகச் சொல்வாயா என்று அத்தை கேட்டாள். அம்மா ஒரு கணம்தான் நின்றாள். ஆத்தா மேல் ஆணை என்றாள். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா நிமிராமலே, “ஆமாங்க்கா, அவதான் வெச்சா” என்றார். அதற்கப்புறம் அத்தை அம்மாவைப் பேசிய பேச்சை எழுத முடியாது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

என் கை தப்பியது. ஆனால் பயம் தீரவில்லை, இடம் மாறியது. சாமியையே ஏமாற்றிய அம்மாவை மாரியாத்தா சும்மா விடுவாளா? அம்மை போட்டுவிடுவாள் என்று தினமும் காலையில் அம்மாவின் கழுத்தையும் கையையும் பார்ப்பேன். ஒரு நாள் கொசுக்கடித் தடிப்பைப் பார்த்துவிட்டு அழுது தீர்த்தேன். வேப்பிலையைப் பறித்துவந்து அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன். உள்ளுக்குள் அவள்மேல் கோபமும் இருந்தது. ஏன் அப்படி ஒரு பாவத்தைச் செய்தாள் என்ற கோபம்.

அங்கே கனடாவில் அந்தக் கட்சி புதுத் தலைவரைப் போட்டு, எல்லாரும் அசந்துபோகும்படி எழுந்து வந்து ஜெயித்தேவிட்டது. மருமகன் இல்லை, யாரோ ஒரு அம்மாள். “நாந்தான் அப்பவே சொன்னேனே, ஆளை மாத்துனா ஜெயிச்சுருவாங்கன்னு” என்றார் மாமா. இங்கே அப்பா மிஷின்களில் பாதியை விற்றுவிட்டு, பழையபடி அடுத்த கம்பெனிகளின் வேலையைச் செய்யப் போனார். கணியூருக்குப் போகவில்லை. டீ-ஷர்ட்டுகளை வந்தவர் போனவருக்கெல்லாம் கொடுத்தோம். பீகாரிலிருந்து வந்து வேலை செய்த பையன்கள், டீக்கடை மாஸ்டர், பால்காரர் என்று யாரைப் பார்த்தாலும் நெஞ்சில் அந்தச் சிரிப்புத்தான். சொந்த நாட்டிலேயே வேண்டாம் என்று கைவிடப்பட்டவருக்கு முதலிபாளையத்தில் வெகுநாள் செல்வாக்கு இருந்தது.

அந்த வருடத் திருவிழாவில் அம்மா பூவோடு எடுத்தாள். தீ எரிகிற மண்சட்டியை வெறுங்கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றிவருவது. அதற்கு முன் அவள் எடுத்ததில்லை. என்ன வேண்டுதல் என்று கேட்டபோது, சும்மா ஒரு வேண்டுதல் கண்ணு என்றாள். பூவில் ஏமாற்றியதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடமும் எடுத்தாள்.

அதற்கும் அடுத்த வருடத் திருவிழாவுக்குள் நான் பெரியவளாகியிருந்தேன். பூவோடு நாள் பார்த்து எனக்கு விலக்காகிவிட்டது. உள்ளே வரக் கூடாது, வேப்பமரத்தடியிலேயே நில் என்றாள் அம்மா. தன் செருப்பைக் கழற்றி என்னருகே விட்டுவிட்டு, “பாத்துக்க கண்ணு” என்று சொல்லிப் போனாள்.

அந்த மரத்தடியில் நின்று கோயிலைப் பார்த்தேன். வாசற்படி, கம்பி அழி, ஜனங்களின் முதுகு, அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. பூசாரி தன் கையாலேயே மடித்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அம்மா நின்ற இடம் இதுதான். இங்கிருந்து எந்தப் பொட்டலத்தில் அவள் என்ன பூவை வைத்திருக்க முடியும்? அப்பா என் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். அவர் நிமிராமல் பேசியது அதனால்தான்.

மாரியாத்தாவுக்கு என்னைவிட அதிகமாகப் பயந்தவள் என் அம்மா. ஆத்தா பெயரில் பொய் ஆணை வைத்துவிட்டு, அந்தப் பயத்தை வருடா வருடம் கையில் ஏந்திச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பூவோடு இறக்கிவிட்டு அம்மா வெளியே வந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.  செருப்பை எடுத்து அவள் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தேன்.