பேலன்ஸுக்கு ஒரு ஆள்

போன வாரம் எங்கள் பார்க்கின் வாசலில் புது போர்டு ஒன்று முளைத்திருந்தது. ‘ஜயன்ட் வீல் இந்த மாத இறுதி வரை மட்டுமே இயங்கும். அதே இடத்தில் புத்தம் புதிய டவர் ரைடு... விரைவில்!’

போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். குரூப்பில் மூன்றே பேர் – அப்பா, அம்மா, நான். அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எதற்கும் அவர் அதைத்தான் போடுவார். அம்மா போனே செய்துவிட்டாள்.

“மக்ளே, அத எடுத்துருவாங்களா?”

“ஆமாம்மா. பழசாயிட்டுல்லா.”

“அப்பம் எனக்கு அதுல ஒருக்கா ஏறணும். உனக்க அப்பாகூட.”

இதென்ன பெரிய ஆசை, டிக்கெட் எடுத்தால் முடிந்தது என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்படி முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

என் பார்க் பைத்தியம் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. எங்கள் வீடு மாவட்டத்தின் இந்தக் கோடியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே, அருமனையில். பார்க் அந்தக் கோடியில், கொட்டாரம் தாண்டி. இருந்தாலும் எனக்கு அது ‘எங்கள்’ பார்க்தான். வருடத்துக்கு ஏழெட்டு முறை போகிறேன். போகிறவள் சும்மாவும் இருப்பதில்லை – ஒவ்வொரு ரைடுக்கும் போனில் மார்க் போட்டு வைத்திருக்கிறேன். தேதி, சீட் நம்பர், காத்திருந்த நிமிடம், குறிப்பு.

மாதிரிக்குச் சில. கொலம்பஸ் (ஊஞ்சலாடும் கப்பல்): கடைசி வரிசை என்றால் பத்துக்கு ஒன்பது. நடு வரிசை என்றால் இரண்டு. தொட்டிலில் போட்டு ஆட்டுவதற்கு எதற்கு டிக்கெட்? பிரேக் டான்ஸ்: ஏழு, சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும். டாஷிங் காருக்கு எட்டு இருந்தது, இப்போது மூன்று. ஏனென்றால் ‘மோதாதீர்கள், ஒரே திசையில் ஓட்டுங்கள்’ என்று புது விதி கொண்டு வந்திருக்கிறார்கள். மோதாமல் ஓட்டிப் பழக மார்த்தாண்டம் மெயின் ரோடு இருக்கிறதே... இங்கே எதற்கு வர வேண்டும்?

ஜயன்ட் வீல்: நான்கு. குறிப்பு – ‘மெதுவான லிஃப்ட்.’

லிஃப்டைப் பற்றி எனக்குத் தெரியும். நாகர்கோவிலில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். அப்பாவோ வளைகுடாவில் பதினெட்டு வருடம் ஒரு பார்க்கில் ஜயன்ட் வீல் ஆபரேட்டராக இருந்தவர். ஆட்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குவது எங்கள் குடும்பத் தொழில் என்றே சொல்லலாம்.

ஆனால் அப்பா ஏறியதில்லை. ஒரு முறைகூட.

ஹாலில், ஷோகேஸில் அவருடைய போட்டோ இருக்கிறது. யூனிஃபார்ம், தொப்பி, பின்னால் ஆகாயம் முட்டும் சக்கரம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். வந்தால் எங்களை எங்கே கூட்டிப் போவார்? இதே பார்க்குக்கு. அங்கே போய் என்ன செய்வார்? ஜயன்ட் வீலுக்குக் கீழே, என் செருப்பையும் பையையும் காவல் காத்துக்கொண்டு நிற்பார். ஏறச் சொன்னால் ஒரே பதில்: “நான் ஏறிட்டா ஸ்விட்சுகிட்ட யாரு நிக்கது?”

ஸ்விட்ச் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் சம்பளத்துக்கு நிற்கிறார் என்பதை அவர் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அம்மாவும் ஏறியதில்லை. “அவிய ஏறட்டு, நானும் ஏறுவேன்” என்று அவரோடேயே கீழே நின்றுவிடுவாள். அப்பா ஊரோடு வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. இருவரும் இன்னும் கீழேதான் நிற்கிறார்கள். இப்போது சக்கரத்தையே எடுக்கப் போகிறார்கள்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். மூவரும் கிளம்பினோம்.

முதல் சிக்கல் வாசலிலேயே. வெளிச் சாப்பாட்டுக்குத் தடை – இதுவும் புது விதி. செக்யூரிட்டி அக்கா அம்மாவின் பையைத் திறந்தாள். உள்ளே டப்பா நிறைய, வெல்லம் சேர்த்துப் பொரித்த பயற்றுருண்டைகள்.

“இது என்னதுக்கா?”

“முந்திரிக்கொத்து.”

“சாப்பாட்டுச் சாதனம் ஒண்ணும் உள்ள விடக்கூடாதுக்கா.”

“எனக்கு சுகர் மக்கா. தலைய சுத்திட்டு வந்தா வாயில போட என்னமாம் வேண்டாமா?”

“அதுக்கு இத்தனையா? அரைக் கிலோ இருக்கும் போலிருக்கே!”

“பெரிய பார்க்குல்லா. எத்தன மட்டம் சுத்துமோ, யாரு கண்டா?”

செக்யூரிட்டி அக்கா சிரித்துவிட்டாள். பை உள்ளே போனது. இரண்டு முந்திரிக்கொத்து வெளியே தங்கிவிட்டது. அம்மாவுக்கு சுகர் கிடையாது. எங்கள் சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் அவள். கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும்.

மாற்றம் என்றாலே மூக்கைச் சுளிக்கிறவள் அல்ல நான். வரிசை நிற்கும் இடத்தில் கூரை போட்டார்கள் – சபாஷ். பெண்கள் கழிவறையில் கதவுக்குப் பின்னால் பை மாட்டக் கொக்கி வைத்தார்கள் – அதைச் செய்தவருக்குத் தனியாக ஒரு சபாஷ். சீட் பெல்ட்டுக்கு இரண்டாவது பூட்டு வந்திருக்கிறது, மிகவும் சரி. ஆனால் கேன்டீனில் ரசவடையை நிறுத்திவிட்டு, எங்கிருந்தோ உறைய வைத்து வந்த உருளைக்கிழங்கைப் பொரித்து அட்டைப் பெட்டியில் நீட்டுகிறார்களே... மரச்சீனி விளைகிற மாவட்டம் ஐயா இது! கிழங்கு பொரிக்க இங்கே ஆளா இல்லை?

சரி, ஜயன்ட் வீலுக்கு வருவோம்.

வார நாள் காலை. கூட்டமே இல்லை. ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் ஒரு பெண். சட்டையில் ‘ஷைனி’ என்று பெயர்ப் பட்டை. அப்பா பையை என் கையில் கொடுத்துவிட்டு நேராக அவளிடம் போனார்.

“காலத்த வெறுஞ்சக்கரம் ஓட்டிப் பாத்தியளா?”

“பாத்தாச்சு அங்கிள். மூணு ரவுண்டு.”

“காத்து கூடினா?”

“அந்தா கொடி. அது விறைச்சு நின்னா நிறுத்திருவேன். மேனேஜரே வந்து சொன்னாலும் ஓட்ட மாட்டேன்.”

“கரன்டு போனா?”

“ஜெனரேட்டர். அதும் போனா கையால சுத்தி இறக்கணும். ரெண்டு மட்டம் இறக்கியிருக்கேன்.” அவள் இடுப்பில் கையை வைத்தாள். “அங்கிள், நீங்க ஏற வந்தியளா, இன்டர்வியூ எடுக்க வந்தியளா?”

“எந்த ஊரு நீ?”

“மணவாளக்குறிச்சி. அப்பா கடலுக்குப் போறாரு. அவருக்கும் இதுல ஏற பேடி.”

“எனக்குப் பேடி ஒண்ணும் இல்ல” என்றார் அப்பா. பயம் இல்லைதான், ஆனால் ஏறவில்லை. கைப்பிடிக் கம்பி ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அவர் நின்ற தோரணையில் ஒரு தொப்பிதான் பாக்கி.

அம்மா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பையை வாங்கினாள். ஒன்றாம் நம்பர் கூண்டில் தானே ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

“நீ வராண்டாம்” என்றாள். பக்கத்து சீட்டில் பையை வைத்தாள், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல. “இங்க ஆளு உண்டு.”

ஷைனி என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கொடியைப் பார்த்தார்.

ஜயன்ட் வீலில் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ஏறியவரின் பக்கத்துக் கூண்டில் அடுத்தவரை ஏற்ற மாட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் கனத்தால் மோட்டாருக்கும் கஷ்டம், பிரேக்குக்கும் கஷ்டம். ஆகவே கொஞ்சம் சுற்றி, தள்ளியிருக்கும் கூண்டில் ஒருவர், அதற்கு எதிரே ஒருவர் என்று எடை பார்த்து நிரப்புவார்கள். ஷைனி அப்படித்தான் செய்தாள். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு டூரிஸ்ட் குடும்பத்தை இரண்டாகப் பிரித்து, ஐந்தாம் நம்பரில் பாதி, பதின்மூன்றாம் நம்பரில் பாதி. அப்பாவின் தலை லேசாக அசைந்தது. அந்தத் தலையசைப்பு சுலபமாகக் கிடைக்காது. என் இன்ஜினியரிங் ரிசல்ட்டுக்கே கிடைக்கவில்லை.

சக்கரத்தில் மொத்தம் பதினாறு கூண்டு. ஒன்றாம் நம்பர் உச்சிக்குப் போய் நின்றபோது, ஒன்பதாம் நம்பர் எங்கள் முன்னால், கீழே, காலியாக.

அப்பாவின் போன் அடித்தது.

“மேலேருந்து பேசுறேன்” என்றது அம்மாவின் குரல். ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது. “கடலு தெரியுது. அங்க வயலு தெரியுது. எல்லாம் ஒக்க தெரியுது. உங்களத்தான் காணல்ல.”

“நான் கீழதான் நிக்கேன், கிரேசு.”

“நீங்க எப்பவும் கீழதானே நிக்கிய.”

அப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பதினெட்டு வருடம் இருவரும் பேசிக்கொண்டது இப்படித்தான் – ஒரு சக்கரத்துக்குக் கீழே அவர், போனின் மறுமுனையில் அவள். கடல் கடந்த தூரமாக இருந்தது இப்போது பத்து ஆள் உயரமாகக் குறைந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஷைனி தொண்டையைச் செருமினாள்.

“அங்கிள்... ஒண்ணாம் நம்பருக்கு எதிர்க் கூண்டு காலி. பேலன்ஸுக்கு ஒரு ஆளு வேணும்.”

அந்தச் சக்கரத்துக்கு ஒரு ஆள் எடை ஒரு பொருட்டே அல்ல. எனக்குத் தெரியும். ஷைனிக்குத் தெரியும். பதினெட்டு வருடம் ஓட்டியவருக்குத் தெரியாதா?

அப்பா மேலே பார்த்தார். ஒன்பதாம் நம்பரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, ஜோடியாக, என் கால் பக்கத்தில் வைத்தார்.

“பேலன்ஸு வேணும்னா ஏறித்தானே ஆகணும்” என்று யாரிடமோ சொல்லிவிட்டு ஏறினார். பூட்டைத் தானே இரண்டு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

சக்கரம் சுற்றியது. நான் கீழே நின்றேன், ஒரு ஜோடி செருப்புக்குக் காவலாக. இத்தனை வருடம் அவர் பார்த்தது இதைத்தான் போலிருக்கிறது – தெரிந்த முகங்கள் சின்னதாவதும் பெரிதாவதும்.

ஆனால் எதிர்க் கூண்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்மா மேலே இருந்தால் அப்பா கீழே. அப்பா மேலே போனால் அம்மா கீழே. ஒரு முழுச் சுற்றில் இரண்டே இடத்தில்தான் இருவரும் ஒரே மட்டத்துக்கு வருகிறார்கள். அதுவும் ஒரு நொடி. நடுவே முழுச் சக்கரத்தின் அகலம். அவருடைய லீவுகள் ஞாபகம் வந்தன.

அந்த ஒரு நொடியிலும் அம்மா சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு முறை மட்டம் சேரும்போதும் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து அவருக்கு நீட்டிக் காட்டினாள். அப்பாவோ குனிந்து ஷைனியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பு சக்கரத்தில் ஏறிவிட்டது. கண் இன்னும் டியூட்டியில்.

சக்கரம் நின்றது. ஒவ்வொரு கூண்டாகக் காலியானது. இறங்கி வந்த அப்பா முதலில் சொன்னது: “பிரேக்கு கொள்ளாம். பையப் பைய, குலுங்காம பிடிக்குது.”

ஷைனியின் முகத்தில் மெடல் வாங்கிய சிரிப்பு.

ஒன்றாம் நம்பர் கீழே வந்தது. ஷைனி பூட்டைத் திறந்தாள். அம்மா இறங்கவில்லை.

“இறங்குங்க ஆன்ட்டி.”

“நான் இறங்கல்ல மக்கா. இங்க ஆளு உண்டுன்னு சொன்னேன் இல்லியா?”

மஞ்சள் தொப்பிக் குடும்பம் மறுபடியும் வரிசையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பையைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. கடல் இருக்கும் திசையைப் பார்த்தபடி இருந்தாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளே, உனக்க எடை எவ்வளவு?”

“ஐம்பத்தி நாலு.”

“நாங்க ரெண்டு பேரும் ஒரே கூண்டுல இருந்தா, அது போராதே...” கொஞ்சம் யோசித்தார். பிறகு குனிந்து அம்மாவின் பக்கத்து சீட்டிலிருந்து பையை எடுத்து என் கையில் கொடுத்தார். “இதையும் வச்சுக்கோ. ஒம்பதாம் நம்பர்ல ஏறு.”

காலியான இடத்தில் அவர் உட்கார்ந்தார்.

ஒன்பதாம் நம்பர் மேலே போனபோது நான் கடலைப் பார்க்கவில்லை. கீழே போனபோது தலையை முழுக்கப் பின்னால் சாய்த்துக்கொண்டு உச்சியைப் பார்த்தேன். இரண்டு தலைகள் தெரிந்தன. அம்மாவின் கை எங்கெங்கோ நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தது – அங்கே வயல், அங்கே கடல். அந்தக் கை போன பக்கமெல்லாம் அப்பாவின் தலையும் போனது.

ஸ்விட்ச் பக்கம் அவர் ஒரு தடவைகூடக் குனியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பட்டியலைத் திருத்தினேன். இந்த மாதம் முடியும் முன்பு போகிறவர்களுக்காக அப்படியே தருகிறேன். ஜயன்ட் வீல்: பத்துக்குப் பத்து. சீட்: ஒன்பதாம் நம்பர். குறிப்பு – முதலில் ஒன்றாம் நம்பரில் உங்கள் ஆட்கள் இரண்டு பேரை உட்கார வைக்கவும்.